ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற ரேட்டு

2018-ல டிரம்ப் ஆரம்பிச்ச வரிச்சண்டையில, அமெரிக்க சோயாவுக்கு சீனா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டுச்சு. அடி வாங்கினது விவசாயி. அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது சரிதாங்க. ஆனா 2019-ல கொடுத்த விதம்தான் இடிக்குது.

கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு ரேட்டு. ஏக்கருக்கு 15 டாலர்லேருந்து 150 டாலர் வரை! பணத்துக்காக யாரும் பயிரை மாத்திடக் கூடாதுன்னு, கவுண்டியோட பழைய சாகுபடிக் கணக்கை வச்சுப் போட்ட சராசரியாம். நோக்கம் நல்லதுதான். ஆனா எல்லையில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அதே மண்ணு, அதே சோயா, அதே விலை. காசு மட்டும் வேறயா?

அக்கம்பக்கத்துக் கவுண்டிகளை ஒண்ணாச் சேர்த்து ரேட்டு வச்சிருந்தா, இந்த இடைவெளியாவது குறைஞ்சிருக்கும். நஷ்டப்பட்டது விவசாயிங்க, வரைபடம் இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?