பழைய சேலைக்குப் பெயர் நன்றியா?

என் மகளை விடும் குழந்தைகள் காப்பகத்தின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. தீபாவளி வருகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆளுக்கு நூறு ரூபாயைத் தாண்டாமல் என்ன கொடுக்கலாம்? மளமளவென்று பதில்கள். எவர்சில்வர் டப்பா, ஸ்வீட் பாக்ஸ், பிள்ளைகளின் கைத்தடம் பதித்த வாழ்த்து அட்டை. ஒருவர் எழுதியிருந்தார்: "வீட்டில் நல்ல புடவைகள் சும்மா கிடக்கின்றன. அதிகம் கட்டாதவைதான். கொண்டுவரட்டுமா?" அதன் கீழே வரிசையாக இதயக் குறிகள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அந்தப் புடவைச் செய்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கன்வாடி உதவியாளர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர்த்தெருப் பெண்கள் கொடுத்த பழைய சேலைகள் அந்தப் பெட்டியில் கிடந்தன. ஒன்றைக்கூட அம்மா உடுத்தியதில்லை. ஏன் வாங்குகிறாய் என்று கல்லூரிக் காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். "வேண்டாம்னு சொன்னா திமிருன்னு சொல்லுவாங்க. மறுநாளும் அந்தப் புள்ளைங்களத்தானே நான் தூக்கணும்" என்றார். சேலை கொடுத்த வீடுகளில் சில, தங்கள் பிள்ளைகளுக்கு மதியச் சோற்றை டப்பாவில் கொடுத்தனுப்பும். அம்மா சமைத்ததை அவர்கள் சாப்பிடக் கூடாது. பிள்ளை பீ இருந்தால் கழுவிவிட அம்மாவின் கை வேண்டும். சோறு போட அந்தக் கை ஆகாது. அந்தச் சேலையை நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலிருந்து கீழே தரப்படும் பொருளுக்கு நம் சமூகத்தில் நீண்ட வரலாறு உண்டு. மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்குத் தர வேண்டியவற்றைப் பட்டியலே போடுகிறது: மிச்சச் சோறு, பழைய துணி, பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான். வண்ணாரும் நாவிதரும் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுத்ததும் இதே கணக்கில்தான். உழைப்பு உண்டு, கூலி கிடையாது. கொடுப்பவர் மனம் வைத்தால் ஏதோ கிடைக்கும். வாங்குபவர் வாசலில் நின்று அதைக் கேட்க வேண்டும். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் மகர் வதன் மசோதாவைக் கொண்டுவந்தார். ஊருக்கும் அரசுக்கும் வேலை செய்த மகர்களுக்கு ஊரார் பார்த்துப் போட்ட 'பலுதா' என்ற தானியப் பங்கைப் பணமாக மாற்ற வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. எதிர்ப்பு வலுத்து, 1929-இல் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தானியம் போடுகிறவருக்குத் தானியத்தைவிட, தான் போடுகிறோம் என்பது பெரிது. காசாகி, கணக்காகி, உரிமையாகிவிட்டால் அந்தப் பெருமிதம் போய்விடுமே!

இதை அரசும் அறிந்தே செய்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆகியும் அங்கன்வாடிப் பெண்களுக்கு ஒன்றிய அரசு தருவதன் பெயர் சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. அவர்கள் தொண்டு செய்கிறார்களாம். 2018 அக்டோபரில் உயர்த்தி நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மீதியை மாநில அரசுகள் போட்டு நிரப்புகின்றன. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது, காகிதத்தில் இருக்கிறது. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

கூலியை மறுப்பது ஒரு பக்கம். கூலி வாங்கும் அரசு வேலையாக இருந்தாலும் சாதி விடுவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுச் சமையலர் ஒருவர் வந்தபோது, அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியதுதான். இயக்கங்கள் போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அங்கே திரண்டவர்களும் 'பெற்றோர்' என்ற பெயரில்தான் திரண்டார்கள். பிள்ளைப் பாசம் சாதிக்கு நல்ல முகமூடி.

நகரத்துத் தனியார் காப்பகத்தில் இதெல்லாம் இல்லை என்று நம்புகிறவர்கள் அங்கே யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிக்கட்டும். பாட்டுச் சொல்லித்தருபவர் ஐம்பது வயதானாலும் 'மிஸ்'. டயப்பர் மாற்றுபவருக்கு இருபத்தாறு வயதுதான், அவர் 'ஆயா'. மிஸ்ஸுக்கு நாற்காலி, ஆயாவுக்குத் தரை. மிஸ்ஸுக்கு 'வாங்க', ஆயாவுக்கு 'இங்க வா'. சொல்லித்தராமலே இரண்டு வயதுப் பிள்ளை இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்கிறது. இதற்கும் சேர்த்துத்தான் நாம் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம்.

அந்தக் குழுவில் நானும் ஒரு கேள்வி போட்டேன்: "அவர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று யாருக்காவது தெரியுமா?" பிறகு அன்று முழுவதும் குழுவில் சத்தமே இல்லை. இரவு ஒருவர் தனியே எழுதினார்: "அது நிர்வாகத்தின் விஷயம் இல்லையா?" ஜூன் மாதம் கட்டணத்தை ஏற்றியபோது இதே குழுவில் கைப்பைசா வரை கணக்குப் பார்த்தோமே, அது யார் விஷயமாக இருந்தது? விசாரித்ததில், கட்டணம் ஏறியது, அவர்கள் சம்பளம் ஏறவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்துவதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை.

"எங்களுக்கே வருமானம் குறைவு, நாங்கள் என்ன செய்ய?" என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. எனக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வருகிறது. செலவில்லாத நன்றி நிறைய உண்டு. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'அக்கா' சேர்த்துக் கூப்பிடுங்கள். பிள்ளையையும் அப்படியே கூப்பிடச் செய்யுங்கள். அவர் குடிக்கும் டம்ளர் தனியாக இருக்கிறதா, அவர் எந்தக் கழிவறைக்குப் போகிறார் என்று பாருங்கள். தனி என்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு மருந்தை ஊற்றி, சொல்லாமல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கன்வாடிப் பெண்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காரும் நாளில், மையம் பூட்டியிருக்கிறதே என்று முணுமுணுக்காமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் அங்கே போய் நில்லுங்கள். அம்மா வேலைநிறுத்தத்தில் இருந்தபோது எந்தச் சேலைக்காரரும் வரவில்லை. காலனியிலிருந்து இரண்டு தாய்மார்கள் மட்டும் வந்தார்கள், வெறுங்கையோடு. அவர்கள் பெயர் மட்டும் அம்மாவுக்கு இன்றும் மறக்கவில்லை.

பரிசே கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக்குப் புதுத்துணி வாங்கி, ஒருவருக்கொருவர் கொடுப்பதுபோல் கொடுங்கள், அவர் கொடுப்பதையும் வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த இரண்டாவதுதான் பலருக்குக் கஷ்டம்.

காப்பகத்து அக்காவிடமே ஒரு நாள் கேட்டேன், தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏழு மணிக்குள்ள புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயிடச் சொல்லுங்க. பஸ்ஸு போயிடுது. அப்புறம் ஷேர் ஆட்டோவுக்கு என் காசுதான் போவுது." அந்த வாரத்தில் இரண்டு நாள் ஏழரைக்கு வந்து நின்றவள் நான். லைப்ரரியில் இருந்தேன், உழைக்கும் பெண்கள் குறித்த ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டு.

இப்போது குழுவில் நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். ஒரு மாதச் சம்பளம் போனஸ், ஏழு மணிக்குப் பிறகு பிள்ளையை விடுகிற வீடுகள் கட்டும் அபராதம் நேராக அவர்கள் கைக்கு. இந்த இரண்டையும் எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திட்டு சனிக்கிழமை நிர்வாகத்திடம் கொடுக்கிறோம். புடவை கொண்டுவருவதாகச் சொன்னவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நேற்று அவரை வாசலில் பார்த்தேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.