பழைய கிரில் இருக்கட்டும், கம்பி பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க

1/ சம்மர் வந்தாச்சு. அமெரிக்காவுல நம்மாளுங்க பழைய கேஸ் கிரில்லைக் கழட்டி, பர்னர் மாத்தி, புதுசு போல ஆக்குறாங்க. அருமை. ஆனா கடைசியில கம்பி பிரஷ்ஷால தட்டைத் தேய்க்கிறதைப் பார்த்தாத்தான் கோபம் வருது.

2/ கழன்ற கம்பி தட்டுல ஒட்டும், அங்கிருந்து சிக்கனுக்கு, சிக்கன்ல இருந்து தொண்டைக்கு. ரோட் ஐலண்ட்ல ஒரே மருத்துவமனைக் குழுமத்துல 2011-12இல் 6 பேர்: 3 பேருக்குக் கழுத்துல, 3 பேருக்கு வயித்துல. சி.டி.சி. 2012லயே எச்சரிச்சாச்சு. 2002-2014 காலத்துல அமெரிக்கா முழுக்க சுமார் 1,700 பேர் எமர்ஜென்சிக்கு வந்ததா ஒரு மதிப்பீடு.

3/ "கோடிப் பேர் சாப்பிடுறாங்க, இதெல்லாம் ஒரு எண்ணிக்கையா டாக்டர்?" கம்மிதான். ஆனா பைசா பிரயோஜனம் இல்லாத ரிஸ்க்கை எதுக்கு எடுக்கணும்? "என்னோடது காஸ்ட்லி பிரஷ்." சூட்டுலயும் தேய்மானத்துலயும் எந்தக் கம்பியும் தளரும்.

4/ மாற்று இருக்கு. மூடியை மூடி 15 நிமிஷம் முழுச் சூட்டுல விடுங்க, ஒட்டினது கரியாகும். அலுமினியத் தாளைக் கசக்கி, இடுக்கியால பிடிச்சுத் தேய்ங்க. ஏற்கெனவே பிரஷ் போட்ட தட்டை, ஆறினதும் ஈரத்துணியால துடைங்க. எனாமல் உரிஞ்ச தட்டை மாத்திடுங்க.

5/ கிரில் சாப்பாட்டுக்கு அப்புறம் விழுங்கும்போது குத்துதா? வயித்து வலியா? "கிரில்ல சுட்டது சாப்பிட்டேன்"னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. சாதா எக்ஸ்ரேயில தப்பிச்ச கம்பி சி.டி.யில தெரியலாம். எம்.ஆர்.ஐ.ன்னா கட்டாயம் முன்கூட்டியே சொல்லணும். காந்தம் கம்பியை நகர்த்தக்கூடும்.

6/ கிரில்லைக் காப்பாத்துறீங்க, சந்தோஷம். அதுல சாப்பிடுற குழந்தையோட தொண்டையையும் காப்பாத்துங்க.