அங்கேரியரால் இயன்றது தமிழரால் இயலாதா?

"தமிழில் பாட்டு எழுதலாம், கதை எழுதலாம், ஆனால் குற்றவியல் சட்டம் எழுத முடியாது, கொலைக்கும் களவுக்கும் இடையிலுள்ள நுட்பமான வேறுபாடுகளைச் சொல்லத் தமிழுக்குச் சொல்வளம் போதாது, அதற்கு ஆங்கிலமே வேண்டும்." இப்படிக் கூசாமல் பேசும் படித்த கூட்டம் இந்நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இவர்களுக்குக் கம்பனையும் வள்ளுவரையும் காட்டி மறுமொழி கூறப் போவதில்லை. உலகில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி மக்களே பேசும் அங்கேரிய மொழியைக் காட்டுவோம்.

முதற்கண், இவர்கள் தலைமேல் வைத்துக் கூத்தாடும் ஆங்கிலத்தின் கதையைக் கேளுங்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அந்நாட்டு வழக்குமன்றங்களில் பிரஞ்சு மொழி ஏறி அமர்ந்தது. ஆவணங்களில் இலத்தீனம் குந்தியது. ஆகவேதான் குற்றத்தைக் குறிக்கும் 'கிரைம்', கொடுங்குற்றத்தைக் குறிக்கும் 'பெலனி', களவைக் குறிக்கும் 'இலார்சனி', தீவைப்பைக் குறிக்கும் 'ஆர்சன்', கன்னமிடுதலைக் குறிக்கும் 'பர்கிளரி', சிறையைக் குறிக்கும் 'பிரிசன்', தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' ஆகிய அனைத்தும் பிரஞ்சு, இலத்தீன வழிவந்த வேற்றுச் சொற்களாக உள்ளன. திருட்டைக் குறிக்கும் 'தெப்ட்' போன்ற ஒருசில பழஞ்சொற்களே ஆங்கிலேயனுக்கு எஞ்சின. 'ஆர்சன்' என்னும் சொல்லுக்குள் ஆங்கிலத் 'தீ'யும் இல்லை. ஆங்கில 'எரிப்பு'ம் இல்லை. வைக்கோற்போருக்குத் தீ வைத்ததாகக் கூண்டில் நிறுத்தப்பட்ட உழவன், தன்மேல் சாட்டிய குற்றத்தின் பெயரைக் கேட்டும் அதன் பொருளை அறியாது நின்றான்.

மக்களுக்குப் பிரஞ்சு விளங்கவில்லை என்று கூறி, வழக்காடலை ஆங்கிலத்தில் நடத்துமாறு 1362-இல் சட்டம் செய்தனர். ஆயினும் ஆவணங்களில் இலத்தீனம் நீங்கவில்லை. 1731-இல் இயற்றப்பட்டு 1733-இல் நடப்புக்கு வந்த சட்டமே வழக்குமன்ற நடவடிக்கைகள் அனைத்தையும் ஆங்கிலமாக்கிற்று. தன் நாட்டு மன்றத்தில் தன் மொழி முழுமையாக ஏற, ஆங்கிலேயனுக்கே அறுநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவன் விட்டெறிந்த அடிமைத்தளையை நாம் அணிகலனாகப் பூட்டிக்கொண்டுள்ளோம்!

இனி, அங்கேரியைப் பாருங்கள். அங்கேரியம், நம் தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழி. வேரோடு ஈறும், சொல்லோடு சொல்லும் ஒட்டிப் புதுச்சொல் பிறக்கும். அங்கும் பல நூற்றாண்டுகள் இலத்தீனமே ஆட்சிமொழியாக இருந்தது. 1784-இல் இரண்டாம் சோசப்பு என்னும் ஆப்சுபர்க்கு மன்னன், இலத்தீனத்தை அகற்றிச் செருமானியத்தைத் திணித்தான். அத்திணிப்பே அங்கேரியரைத் தட்டி எழுப்பிற்று. 1790-இல் ஆணையை அவனே திரும்பப் பெற நேர்ந்தது. எழுந்த மொழியுணர்ச்சியோ அடங்கவில்லை.

அவ்வெழுச்சியின் தலைவர் பெரெஞ்சு கசின்சி. புரட்சிக் கருத்துள்ள சுவடியைப் படியெடுத்துப் பரப்பினார் என்று 1794-இல் அவரைத் தளைப்படுத்தினர். சாவுத் தண்டனை விதித்து, பின் அதனைச் சிறைத் தண்டனையாக்கினர். 2,387 நாள்கள் சிறையிற் கிடந்து 1801-இல் வெளிவந்தார். வந்தவர் ஓய்ந்திருக்கவில்லை. புதுச்சொற்கள் ஆக்கினார், பிறரையும் ஆக்கத் தூண்டினார். பழமையாளர்கள் 1813-இல் எள்ளல் நூலொன்றை வெளியிட்டு, புதுச்சொல் ஆக்குவோரை நகையாடினர். நகைத்தவர் மறைந்தனர், சொற்கள் வாழ்கின்றன! அவ்வியக்கத்தால் நிலைபெற்ற சொற்கள் ஏறத்தாழ 10,000 என்பர். 1844-இல் அங்கேரியம் ஆட்சிமொழியாயிற்று. 1878-இல், காரோய் செமெகி உருவாக்கிய குற்றவியல் சட்டத்தொகுப்பு அங்கேரிய மொழியிலேயே இயற்றப்பெற்று, 1880-இல் நடப்புக்கு வந்தது. ஆட்சிமொழியான முப்பத்து நான்கே ஆண்டுகளில் இவ்வருஞ்செயல் நிறைவேறிற்று.

பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் கலந்த அவர்தம் குற்றவியற் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'பூன்' என்பது குற்றம். 'தார்சு' என்பது தோழன். இரண்டும் சேர்ந்த 'பூன்தார்சு' குற்றத்திற்கு உடந்தையானவன். 'பெ' என்பது உள்ளே, 'தொரேசு' என்பது உடைப்பு, 'பெதொரேசு' கன்னமிடுதல். 'எம்பெர்' என்பது மாந்தன், 'ஒலேசு' என்பது கொல்லுதல், 'எம்பெரொலேசு' ஆட்கொலை. 'ஞொம்' என்பது காலடித்தடம். அதனடியாகப் பிறந்த 'ஞொமொசோ' துப்பறிவோன். 'உத்யு' என்பது வழக்கு, 'வேது' என்பது காத்தல், 'உத்யுவேது' வழக்கறிஞன். பள்ளிப் பிள்ளையும் பிரித்தறியும் சொற்கள் இவை! ஆங்கிலத்தின் 'பர்கிளரி'யை ஆங்கிலச் சிறுவன் பிரித்துப் பார்க்கட்டும், என்ன கிடைக்கும்?

"அங்கேரியத்திலும் கடன்சொற்கள் உள்ளனவே" என்று சிலர் குறுக்கே பாய்வர். உள்ளன. காவலரைக் குறிக்கும் 'இரெந்தோர்' என்னும் சொல்லில், ஒழுங்கு எனப் பொருள்படும் முற்பகுதி பண்டே சிலாவியத்திலிருந்து வந்ததுதான். ஆயினும் 'போலீசு' என்று அயலான் நீட்டியதை வாங்கிக்கொள்ளாமல், மக்கள் நாவிற் பழகிய சொற்களைக் கொண்டு 'ஒழுங்கு காப்போன்' என்று தாமே புனைந்துகொண்டனரே, அந்த மானம் நம்மிடம் எங்கே? அங்கேரியர் ஒன்றில் பிழைத்தனர். தம் ஆட்சிக்குட்பட்ட குரோவாசியர், சுலோவாக்கியர், உருமேனியர்மீது தம் மொழியைத் திணிக்க முற்பட்டு, அவர்தம் பகையைத் தேடிக்கொண்டனர். தன்மொழி காப்பவன் பிறமொழி மிதியான் என்பதே நம் கொள்கை.

இப்பொழுது நம் நிலைக்கு வருவோம். கொலை, களவு, கொள்ளை, வழிப்பறி, கையூட்டு, ஆட்கடத்தல், பொய்ச்சான்று, உடந்தை, பிணை, தீர்ப்பு என நமக்குச் சொல் நிறைந்துள்ளது. அங்கேரியர் அரும்பாடுபட்டு ஆக்கிக்கொண்டதில் பெரும்பகுதி நம்மிடம் பண்டே இருக்கிறது. இருந்தும் வக்கீல், சாமீன், வாய்தா, ஆசர், இரிமாண்டு என்றே நம் நா புரள்கிறது.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் வழக்குமன்றங்களில் இந்திக்கு அளித்த இசைவைத் தமிழுக்கு இன்றும் அளித்திலர். அதன்மேலும், 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தை நீக்கி, 2024 சூலை 1 முதல் 'பாரதிய நியாய சன்கிதா' என்னும் வடமொழிப் பெயரை நம் தலையில் கட்டியுள்ளனர். வெள்ளையன் இட்ட பெயரைக் களைந்தனர். களைந்த இடத்தில் தமிழனுக்கு விளங்கும் பெயரையா வைத்தனர்?

இது சொல்லாராய்ச்சிக்காக மட்டும் எழும் பூசலன்று. வாழ்நாள் சிறைக்குச் செல்பவனும் தூக்குமேடை ஏறுபவனும் தாம் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமையைப் பற்றியது. தான் அறியாத மொழியில் தன் உயிர் எடைபோடப்படுவதைக் கூண்டில் நின்று பார்த்திருக்கும் தமிழனுக்கு அம்மன்றம் எவ்வாறு அறமன்றமாகும்?

தமிழர்களே! காவல்நிலையத்தில் முறையீட்டைத் தூய தமிழில் எழுதிக் கொடுங்கள். அதன் படியைத் தமிழிலேயே கேட்டுப் பெறுங்கள். வழக்கறிஞர்களே! கீழ்மன்றங்களில் தமிழில் வழக்காடச் சட்டம் இடந்தருகிறது. உங்கள் நாத்தான் தடுக்கிறது. சொல் ஆக்கும் அறிஞர்களே! எள்ளி நகைப்பாரை எண்ணித் தயங்காதீர்கள். சிறைக்கதவும் நகைப்பும் கசின்சியைத் தடுக்கவில்லை. இயலாது என்று சொல்பவன் தமிழின் ஏழ்மையைக் காட்டவில்லை. தன் அடிமைநெஞ்சையே காட்டுகிறான். அந்நெஞ்சை மாற்றுவோம், மன்றமும் மாறும்!