பனிக்குட நீரும் தாயின் சர்க்கரையும்

ஏழாம் மாத ஸ்கானில் ‘தண்ணீர் அதிகமாக இருக்கிறது’ என்று சொல்லக் கேட்டதும், பிரிட்டனில் உள்ள தமிழ் வீடுகளிலும் பெரியவர்கள் முதலில் செய்வது மருமகளின் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒளித்து வைப்பதுதான். குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் பனிக்குட நீர் வற்றிவிடாது. தாய்தான் தாகத்தால் வாடுவாள்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர். முன்பே நீரிழிவு உள்ள தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலினோ அவ்வழியே போவதில்லை. குழந்தையின் உடலில் சர்க்கரை மிகுந்து, சிறுநீரும் மிகுதியாகக் கழிகிறது. சர்க்கரை ஏறிய தாத்தா இரவில் நாலு தடவை எழுந்து போகிறாரே, ஏறக்குறைய அதே கதைதான். நீர் மிகுந்தால் குறைமாதப் பிரசவம், கொப்பூழ்க்கொடி முன்னே நழுவுதல், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஆகிய ஆபத்துகள் கூடும். இரட்டைக் குழந்தை, குழந்தையின் பிறவிக் கோளாறு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆகையால் நீர் கூடிய தாயையெல்லாம் ‘இனிப்புத் தின்றாள்’ என்று ஏசுவது நியாயமல்ல.

எனினும், இந்த நீர் தாமதமாக வரும் செய்தி. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். அந்நாட்களில் மிகுந்த சர்க்கரை செய்த பழுதைப் பின்னர் எந்த இன்சுலினாலும் திருத்த முடியாது. அதனால்தான் கர்ப்பம் தரிக்கும் முன்பே, தாழ்சர்க்கரைக்கு இடமின்றி முடியுமானால், எச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரும்படியும், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடும்படியும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்கிறது. ஃபோலிக் அமிலமும் சாதாரண அளவில் போதாது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம், மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது சில குடும்பங்களின் மௌனம். பெண்ணுக்கு நீரிழிவு என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைத்துவிடுகிறார்கள். மணமாகிப் போனவள் புகுந்த வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போடுகிறாள்; விருந்துக்குப் போன இடத்தில் போடாமலே விட்டுவிடுகிறாள். கருத்தரிக்கும் முன் மருத்துவரைப் பார்க்க அவள் எந்தச் சாக்கைச் சொல்லிக் கிளம்புவாள்? பெற்றோர் செய்யும் பெருந்தவறு இது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். அதைக் கேட்டுத் தட்டிப்போகிற சம்பந்தம் போகட்டும்.

மாமியார்மாரும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்சுலின் தேவை இருமடங்காவதும் உண்டு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களின் வேலை அது, மருமகளின் குற்றமல்ல. வெறும் வயிற்றில் 5.3, உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து 7.8 மில்லிமோல் என்பவற்றுக்குக் கீழே நிற்க அவள் படும் பாட்டை, வளைகாப்பன்று ‘இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று சர்க்கரைப் பொங்கலை ஊட்டிக் கெடுக்கவேண்டாம்.

28ஆம் வாரம் முதல் 36ஆம் வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் அளக்கிறார்கள். அந்நாட்களில் கணவரும் கூடப் போகட்டும். சர்க்கரை அளவுகளைக் குறித்த ஏட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லட்டும்.