காரை வித்தாச்சு, ஆர்.சி.யில் இன்னும் உங்க பெயரா?

பணம் அக்கவுன்ட்டுக்கு வந்தாச்சு, சாவியும் கொடுத்தாச்சு. ஆனா ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை சட்டப்படி ஓனர் நீங்கதான். 2007-ல் விற்கப்பட்டு, பல கை மாறிய கார் ஒன்று 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீடு தரவேண்டியவர், ஆர்.சி.யில் பெயர் இருந்த பழைய ஓனர்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருக்கும், பாவம்!

அதனால 'மெதுவா மாத்திக்கறேன் சார்' என்பதை நம்பிவிடாதீங்க. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவர் கடமை. ஃபார்ம் 29 அதற்குத்தான். அதை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கரிடம் நீட்டாதீங்க. வாங்குபவர் பெயர், தேதி எழுதி, நகல் வைச்சுக்கோங்க. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்க.