மெல்லினம் வெல்லும்!

வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். எழுத்துகளுக்கு மட்டுமா இந்தப் பாகுபாடு? இயந்திரம் என்றதும் இரும்பும் எஃகும் பற்சக்கரமும் உறுமல் ஒலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இயந்திரங்கள் யாவும் வல்லினமே என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கடலாராய்ச்சியில் இன்று மெல்லின இயந்திரங்களும் தோன்றிவிட்டன. அவற்றை ஆக்குவோருக்கு ஆசிரியர்கள் யார் தெரியுமா? கடல்வாழ் உயிர்களே!

ஜெல்லி மீன் எனப்படும் சொறிமீனின் உடலில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். இரும்புக் கிடுக்கி பட்டால் அது கிழிந்துபோகும். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கொரு வழி கண்டனர். ஆய்வுக் கட்டுரையில் முதற்பெயர் நீனா சினாத்ரா என்னும் பெண்மணியுடையது. அங்கு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் அவர். நாடா போன்ற ஆறு சிலிக்கோன் ரப்பர் விரல்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிறு வாய்க்கால். அதில் நீரைச் செலுத்தினால் ரப்பர் விரியும். விரலின் ஒரு புறத்தில் மட்டும் எளிதில் நீளாத நுண்ணிழைகள் பதிந்திருப்பதால், விரல் அந்தப் பக்கமாகச் சுருண்டு சொறிமீனை மெல்லத் தழுவிக்கொள்ளும். பிறகு காயமின்றி விட்டுவிடும்.

ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயைப் பாருங்கள். அதற்கு எலும்பே இல்லை. சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு அதன் எட்டுக் கைகளில் இருக்கின்றன. கைகளே பாதி சிந்தித்துவிடுகின்றன எனலாம்! இத்தாலியில் செசிலியா லாஸ்கி என்னும் பேராசிரியை தலைமையில் 2009 முதல் 2013 வரை நடந்த ஆராய்ச்சி, இந்தக் கையைப் போலவே நீளவும் குறுகவும் வளையவும் வல்ல இயந்திரக் கையை உருவாக்கியது.

2021-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில், 10,900 மீட்டர் ஆழத்தில், அவர்களுடைய மென்மையான இயந்திர மீன் செட்டையடித்தது. அங்கே நீரின் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைத் தாங்க அந்த மீனுக்குக் கனத்த உலோகக் கவசம் தேவைப்படவில்லை. ஆழ்கடல் மீனொன்றின் மண்டையோட்டு எலும்புகள் முழுதும் இறுகிச் சேராதிருப்பதைக் கவனித்து, மின்னணு உறுப்புகளைப் பிரித்துப் பரப்பிச் சிலிக்கோனுள் பதித்திருந்தனர். வெள்ளத்தில் மரம் சாயும், நாணல் நிற்கும் என்று நம் முன்னோர் சொன்னது பொய்யா?

"பசித்தவர் பலர் இருக்க, சொறிமீனைப் பிடிக்க ரப்பர் விரலா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அறியாத ஒன்றை நம்மால் காக்க முடியாது. ஓர் உயிரைக் கொன்றுதான் அதை அறிய முடியும் என்றால், அந்த அறிவிலும் ஒரு குறை உண்டு. கடலின் மீன்களை ஆளும் பொறுப்பை இறைவன் மனிதனுக்குத் தந்தார் என்று தொடக்கநூல் சொல்கிறது. ஆளுதல் என்பது நசுக்குதலா? பூமி நம் பொது இல்லம், அதைப் பேண வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சுற்றுமடல் எழுதினார். நசுக்காமல் பற்றும் அந்த ஆறு விரல்கள், அந்த மடலுக்குச் செயலால் எழுதிய உரை என்பேன்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. முனைவர் பட்டம் ஒரு நாளில் வருவதன்று. பட்டப்படிப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் வேண்டும். மகன் படித்தால் "படிக்கட்டும்" என்கிறோம். மகள் கேட்டால் "போதும், வயதாகிறது" என்கிறோம். பொறுமை, கூர்ந்து நோக்குதல், மெல்லிய கைப்பக்குவம் என்று வீட்டில் நாம் மகளிடம் புகழும் குணங்களைத்தான் இந்த ஆராய்ச்சி கேட்கிறது. அப்படியிருக்க ஆய்வுக்கூடத்தின் கதவை அவளுக்கு மட்டும் ஏன் சாத்த வேண்டும்? அந்தக் குணங்கள் பெண்ணுக்கே உரியவையும் அல்ல. அந்த ஆய்வுக்கூடங்களில் ஆண்களும் அவற்றைப் பயில்கிறார்கள்.

மென்மையால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ரப்பர் விரல் பாறையைப் புரட்டாது. கூரிய பொருள் பட்டால் கிழியும். ஆழ்கடலுக்கு அதைச் சுமந்து செல்ல உறுதியான கலமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். தோழியரே, சங்கு, நண்டு என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வல்லினத்துக்கு முன்னே நின்று வழிகாட்டுவது எது? மெல்லினம் அல்லவா!