மணல்தட்டும் இரவின் அழுகையும்



சாக்குப்பையில் கட்டி மீன்சந்தை ஓரத்தில் விடப்படும் பூனைக்குட்டிகளைக் குறித்து இவ்வாரம் எழுத விரும்புகிறேன். மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது விடுகிறவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். தெருநாய்களுக்கும் வாகனங்களுக்கும் நடுவே இரண்டு மாதக் குட்டி பிழைப்பது அரிது. காரணம் கேட்டால் இரண்டைச் சொல்லுகிறார்கள்: கண்ட இடத்தில் மலஜலம் கழிக்கிறது, இரவெல்லாம் கத்துகிறது. இவற்றுக்காக ஓர் உயிரை வெளியேற்றுவது நியாயமன்று. இவை குட்டியின் குற்றங்களல்ல. வீட்டார் செய்யத் தவறிய ஏற்பாடுகள். மிருகஜீவன்மேல் கொள்ளும் கரிசனையை நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் நீதிமானின் அடையாளங்களுள் வைத்திருப்பதை நாம் அறிவோம்.

பிறந்த முதல் மூன்று வாரங்கள் வரை, தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் இறங்கும். நான்காம் வாரமளவில் அது தானாகவே பொலபொலப்பான மண்ணைத் தேடித் தோண்டத் தொடங்குகிறது. சிருஷ்டிகர் அதற்குள் வைத்த அறிவு அது. ஆனால் டைல்ஸ் பதித்த நம் வீடுகளில் தோண்டுவதற்கு ஒரு பிடி மண் உண்டா? மெத்தையும் துணிக்குவியலுமே மண்ணைப்போல் நெகிழ்ந்துகொடுக்கின்றன. குட்டி அங்கே போகிறது.

ஓரம் தாழ்ந்த ஒரு தட்டில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தொலைவில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். முதல் சில நாள்கள் குட்டியை ஒரே அறையில் வைத்து, உண்டவுடனும் விழித்தவுடனும் தட்டில் இறக்கிவிடுங்கள். கடையில் விற்கும், நனைந்தால் கட்டியாகும் மணல் சின்னஞ்சிறு குட்டிகளுக்கு வேண்டாம்; அவை அதைத் தின்றுபார்க்கும். அசுத்தத்தில் மூக்கைத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் குட்டி கற்பது உங்களைக் கண்டு அஞ்சுவதை மட்டுமே. பிறகு கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கும். பசும்பால் கொடுத்து வயிற்றைக் கெடுத்துவிட்டு, வீட்டைக் கெடுக்கிறதென்று அடிப்பவர்களும் உண்டு!

பினாயில் குறித்து ஒரு வார்த்தை. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் குட்டிக்கு அது விஷம். தட்டுக்கும் தரைக்கும் சோப்புநீர் போதும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது என்று விரட்டுவதும் அவசியமற்றது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி பூனையின் மலத்தில் வெளிப்படலாம் என்பது உண்மை. ஆனால் வெளிப்பட்டபின் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். வேறொருவர், கணவரே ஆகட்டும், தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாய்க் குறையும். பூனையும் அழுக்கான தட்டை வெறுத்து வேறிடம் தேடாது.

இனி, உறக்கம். எட்டு வாரமாவது தாயோடிருந்த குட்டியையே வாங்குங்கள். அதுவரை உடன்பிறந்தவற்றின் உடற்சூட்டில் குவிந்து உறங்கிய உயிர், முதல் இரவில் தனிமையினாலும் குளிரினாலும் கதறுகிறது. அட்டைப்பெட்டியொன்றில் பழைய பருத்திச் சேலையை விரித்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். தாயின் மணமுள்ள துணி கிடைத்தால் இன்னும் நலம். கைக்குழந்தையோடு ஒருபோதும் படுக்கவிடாதீர்கள். பெரியவர்களின் படுக்கையிலும் சிறு குட்டி நசுங்கக்கூடும். பெட்டியைக் கட்டிலருகே வைத்தால் உங்கள் மூச்சின் ஓசையே அதற்குத் துணையாகும்.

பூனை அந்தியிலும் விடியலிலும் துடிப்பாயிருக்கும் பிராணி. ஆகவே குடும்ப ஜெபம் முடிந்தபின் பிள்ளைகள் கால்மணி நேரம் கயிறு இழுத்து அதனோடு விளையாடட்டும். பின்பு உணவு, பின்பு மணல்தட்டு, பின்பு பெட்டி. அதிகாலையில் அது கத்தினால் உடனே எழுந்து உணவளிக்காதீர்கள். அளித்தால் மறுநாள் இன்னும் முன்னதாகவே எழுப்பும்.